ரயிலுக்கு மேடு பிடிக்காது

எங்கள் வீட்டு வரவேற்பறையில் நடைப்பயிற்சி இயந்திரம் ஒன்று நிற்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் தீபாவளித் தள்ளுபடியில் வாங்கியது. முதல் இரண்டு வாரம் அப்பா அதில் நடந்தார். மூன்றாவது வாரம் அதன் கைப்பிடியில் ஒரு துண்டு காய்ந்தது. இப்போது துண்டோடு சேர்த்து என் மகனின் பள்ளிச் சீருடையும் தொங்குகிறது. தோழிகளிடம் சொன்னேன். இரண்டு பேர் வீட்டிலும் இதே கதைதான் என்று தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அப்பாவுக்கு வயது 67. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போதெல்லாம், “நடக்கிறீங்களா?” என்று கேட்பார்கள். “நடக்கிறேனே” என்பார் அப்பா. புளோக்கின் மின்தூக்கியிலிருந்து காப்பிக் கடை வரைக்கும், அங்கிருந்து திரும்பி மின்தூக்கி வரைக்கும். அது பொய் இல்லை. ஆனால் மருத்துவர் கேட்டது அதை இல்லை.

சென்ற ஆண்டு என் சித்தப்பாவுக்குக் காலில் ஒரு சின்னப் புண் வந்தது. புதுச் செருப்பின் வார் உரசியதில் வந்த புண். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்ததால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் பார்க்கவில்லை. பார்த்தபோது விரல் கறுத்திருந்தது. முதலில் ஒரு விரல் போனது. நான்கு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று அப்பா சாப்பிடவில்லை. தன் இரண்டு பாதங்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எங்கயாவது நடக்கப் போலாமா?” என்றார். நடக்கலாம் என்று அவராகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பது இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும். 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் இங்குள்ள இந்தியர்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களிடையே அது 10 விழுக்காட்டுக்கும் குறைவு. நம் கல்யாண வீடுகளில் “எனக்குச் சர்க்கரை போடாத காப்பி” என்ற குரல் எத்தனை நாற்காலியிலிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் ஆய்வே தேவையில்லை.

முதல் தவறு

ஆர்வக்கோளாறில் நான் செய்த முதல் வேலை, அப்பாவைப் புக்கிட் தீமா குன்றுக்கு அழைத்துப் போனது. சிங்கப்பூரின் ஆக உயரமான இடம். உயரம் 163 மீட்டர்தான். மலை என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பார்வையாளர் நிலையத்தைத் தாண்டியதுமே தார்ச்சாலை செங்குத்தாக ஏறும். இளைஞர்கள் முதுகில் பையைச் சுமந்துகொண்டு ஓடி ஏறுகிறார்கள். அவர்களைப் பார்த்து நாமும் வேகம் எடுத்துவிடுவோம்.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. அப்பா விரதம். காலையில் வெறும் கறுப்புக் காப்பியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. பாதி மேடு ஏறுவதற்குள் முகம் வெளுத்தது, கை நடுங்கியது, சட்டை முழுக்க வியர்வை. சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த சீன மூதாட்டி ஒருவர் பார்த்த உடனே புரிந்துகொண்டார். தன் பையிலிருந்து இனிப்புப் பானப் பொட்டலத்தை எடுத்து உறிஞ்சுகுழல் குத்திக் கையில் கொடுத்தார். “என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான்” என்றார். கால் மணி நேரத்தில் அப்பாவுக்கு நிறம் திரும்பியது.

அது சர்க்கரை இறங்கிப்போன நிலை. இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வெறும் வயிற்றில் நடந்தால் இது நேரலாம். இப்போது என் பையில் எப்போதும் நான்கைந்து குளுக்கோஸ் மாத்திரையும் ஓர் இனிப்புப் பானமும் இருக்கும். நடுக்கம் வந்தால் உடனே கொடுத்து, பதினைந்து நிமிடம் உட்கார வைத்து, பிறகுதான் அடுத்த அடி. நடக்கத் தொடங்குமுன் எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தக் காலைநேரப் பயமே இருந்திருக்காது. கேட்காதது என் தவறு.

திரும்பும் வழியில் வாடகை காரில் அப்பா பேசவே இல்லை. ‘இனி வர மாட்டார், துண்டு காயட்டும்’ என்று நானும் நினைத்துவிட்டேன். வீட்டருகே வந்தபோது அவராகச் சொன்னார்: “மேடெல்லாம் எனக்கு வேணாம்மா. ரயில் ரோட்டுக்குப் போவோம். ரயிலுக்கு மேடு பிடிக்காது.”

சமதளத்தின் அருமை

அந்த ஒரு வாக்கியத்தில் அவ்வளவு விஷயம் இருக்கிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் வழுக்கும். அதனால் ரயில் பாதை போடுபவர்கள் குன்று வந்தால் வெட்டுவார்கள், பள்ளம் வந்தால் மண்ணைக் கொட்டி உயர்த்துவார்கள், சரிவு தெரியாதபடி வளைத்துக்கொண்டு போவார்கள். ரயில் போய்விட்டது. அது கேட்ட சமதளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மூட்டுவலிக்காரருக்கும் தள்ளுவண்டிக் குழந்தைக்கும் இதைவிட நல்ல காட்டுப் பாதை இந்தத் தீவில் எனக்குத் தெரிந்து இல்லை.

தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். இன்று ‘ரயில் காரிடார்’ என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். அப்பாவின் வாயில் அது ‘ரயில் ரோடு’தான்.

நாங்கள் தொடங்கியது கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி நிலையத்தில். இறங்கினால் சில நிமிட நடையில் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம். செங்கல்லில் கட்டிய சின்னக் கட்டடம், ஒரு நடைமேடை, சில அடி நீளத்துக்கு விட்டுவைத்த தண்டவாளம். 1932இல் கட்டியது. புதுப்பித்து 2022இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த ஊழியர் குடியிருப்பு இப்போது காப்பிக் கடை.

என் மகன் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். தண்டவாளத்தைப் பார்த்ததும் அதன்மேல் ஏறிக் கையை விரித்து நடந்தான். அப்பா குனிந்து இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சாண் போட்டு அளந்து காட்டினார். “பாரு, சரியா ஒரு மீட்டர். மலாயா ரயில் எல்லாமே இந்த அளவுதான்.”

அவருக்கு எப்படித் தெரியும் என்று மகன் கேட்டான்.

“எங்கப்பா சொன்னது.”

என் தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும். என்ன வேலை என்று நான் கேட்டதே இல்லை. ஓட்டுநர் என்று சிறுவயதில் நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படியே சொல்லியும் இருக்கிறேன். தாத்தா பாதை பராமரிக்கும் கூட்டத்தில் ஒருவர். தோளில் நீளக்கைப்பிடிச் சுத்தியல், இடுப்பில் தண்ணீர்க் குப்பி. விடிவதற்கு முன் கிளம்பித் தனக்கு ஒதுக்கிய பாதையை ஆணி ஆணியாகப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். தளர்ந்ததை அடித்து இறுக்க வேண்டும். ஜல்லி சரிந்த இடத்தைச் சொல்லி அனுப்ப வேண்டும். திரும்பி நடக்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள்.

“அவர் நடந்தது சம்பளத்துக்கு. நான் நடக்கிறது சர்க்கரைக்கு” என்றார் அப்பா. சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

நிலையத்தைத் தாண்டியதும் இரும்புப் பாலம். புக்கிட் தீமா சாலைக்கு மேலாகப் போகிறது. கீழே கார்கள் இரைகின்றன. பாலம் முடிந்து இருநூறு அடி நடந்தால் அந்த இரைச்சல் குறையத் தொடங்கிவிடும். வலப்பக்கம் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி. கிளைகள் பாதைக்கு மேலே கைகோத்துக்கொண்டு நிற்கும். எட்டு மணி வெயில் தரைக்கு வந்து சேர்வதற்குள் பச்சையாகிவிடுகிறது. இங்கிருந்து அப்பர் புக்கிட் தீமா சாலையின் இன்னோர் இரும்புப் பாலம் வரை நடந்து, 2025இல் திறந்த ஹியூம் எம்ஆர்டி நிலையத்தில் ரயிலேறி வீடு திரும்பலாம். மொத்தம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். அப்பாவின் நடையில் ஒன்றே கால் மணி நேரம். நடுவில் மூன்று முறை உட்கார்ந்ததையும் சேர்த்து.

வழியில் கண்டதைச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. பாதையோரம் தொட்டாற்சுருங்கி. மகன் அரை மணி நேரம் அதிலேயே கழித்தான். கைப்பேசித் திரை எதுவும் அவனை அவ்வளவு நேரம் குனிந்து உட்கார வைத்ததைவிட இது எனக்குப் பிடித்திருந்தது. அகலமான இலையும் பெரிய மஞ்சள் பூவும் உள்ள செடி, மலாய்க்காரர்கள் சிம்போ ஆயர் என்பார்கள். வாழை இலை மாதிரி அந்த இலையில் பலகாரம் பொட்டலம் கட்டியதை அப்பா பார்த்திருக்கிறார். வாழையும் பப்பாளியும் யாரும் நடாமலேயே நிற்கின்றன. பக்கத்தில் இருந்த கம்பங்கள் போய்விட்டன. அவற்றின் மரங்கள் போகவில்லை.

ஓரிடத்தில் தலைக்குமேலே விசிறி அடிப்பதுபோல் சத்தம். கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய அலகோடு இரண்டு இருவாட்சிப் பறவைகள். இந்தப் பறவை 19ஆம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோனது. 1990களில் புலாவ் உபினில் மறுபடி தென்பட்டது. இப்போது வீவக புளோக்குகளின் மாடியிலேயே வந்து உட்காருகிறது. அப்பா கழுத்தை நிமிர்த்தி அவை மறையும்வரை பார்த்தார். அன்று அவர் கழுத்துவலியைப் பற்றிப் பேசவில்லை.

இந்தக் காட்டுக்கு உலக வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. 1854இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கையாளர் புக்கிட் தீமா பக்கம் தங்கிப் பூச்சி பிடித்தார். இரண்டு மாதத்தில் வண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 700 வகை. பரிணாமக் கொள்கையை டார்வினோடு ஒரே காலத்தில் எட்டியவர் அவர். மகனிடம் இதைச் சொன்னேன். அவன் உடனே ஒரு வண்டைப் பிடிக்கப் போனான். பிடிக்கக் கூடாது, பார்க்கலாம் என்று சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

போய்விடாமல் நின்ற பாதை

சிங்கப்பூரின் முதல் ரயில் 1903இல் டேங்க் ரோட்டிலிருந்து ஓடத் தொடங்கியது. தைப்பூசக் காவடிகள் போய்ச் சேரும் அதே டேங்க் ரோடுதான். 1923இல் ஜோகூர் கடற்பாலத்தின்மேல் தண்டவாளம் வந்ததும் மலாயாவோடு இணைப்புக் கிடைத்தது. 1932இல் பாதையை மாற்றித் தஞ்சோங் பகாரில் புது நிலையம் கட்டினார்கள். நாம் நடப்பது அந்த மாற்றிய பாதையில்.

2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து கிளம்பியது. அன்றைய ஜோகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். மறுநாள் நிலம் சிங்கப்பூரிடம் வந்தது. நகரின் நடுவில் தெற்கு வடக்காக ஒரே துண்டாகக் கிடைத்த நிலம். இந்தத் தீவில் அதன் விலை என்னவென்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வீடும் சாலையும் எழும்பியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் இதைப் பசுமைப் பாதையாகவே விட்டுவைக்கலாம் என்று ஆலோசனை சொல்லியிருந்தது. ஜூலை மாதம் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து தண்டவாளத்தின்மேல் நடந்தார்கள். அப்பாவும் அன்று போயிருக்கிறார். தனியாக. எங்கள் யாரிடமும் சொல்லாமல். பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த நடையில்தான் அது வெளியே வந்தது.

“எதுக்குச் சொல்லல?”

“நீங்கள்லாம் வேலைக்குப் போயிருந்தீங்க. சொல்லி என்ன ஆகப்போகுது?”

வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் நானும் அப்பாவும் பேசுவது மின்கட்டணம், மருந்து, மகனின் தேர்வு. பக்கம் பக்கமாக நடக்கும்போது வேறு பேச்சு வருகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ.

உடம்புக்குள் நடப்பது

நடையால் சர்க்கரை எப்படிக் குறைகிறது என்று மகனுக்குப் புரியும்படி சொல்லப்போய் எனக்கே தெளிவானது. உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. வேலை செய்யும் தசைக்கு எரிபொருள் வேண்டும். அது இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் நடக்கும் தசைக்கு அந்தக் கதவு திறக்கிறது. நடந்து முடித்த பிறகும் பல மணி நேரம் அந்தப் பலன் நீடிக்கிறது. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே, ஏறும் சர்க்கரையின் உச்சி தணிகிறது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதை ஞாயிறு ஒரு நீண்ட நடையாகவும், மற்ற நாட்களில் இரவு உணவுக்குப்பின் புளோக்கைச் சுற்றிவரும் சிறு நடையாகவும் நாங்கள் பிரித்துக்கொண்டோம்.

மகனை அழைத்துப் போவதற்குக் காரணம் வேறு. இரண்டு ஆண்டுகளில் அவன் கண்ணாடியின் பவர் இருமுறை ஏறிவிட்டது. இங்கே தொடக்கப்பள்ளியை முடிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்குக் கிட்டப்பார்வை. வெளி வெளிச்சத்தில் இருக்கும்போது விழித்திரையில் டோபமின் என்ற பொருள் சுரக்கிறது, கண்விழி நீண்டுகொண்டே போவதை அது தடுக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மர நிழலில் இருக்கும் வெளிச்சம்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு. நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே விடுங்கள் என்பதே பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரை. துணைப்பாட வகுப்புகளுக்கு நடுவே அது நடக்கிற காரியமா என்று கேட்டால், எங்கள் வீட்டில் இன்னும் நடக்கவில்லை. வார இறுதியில் மட்டும் நடக்கிறது.

என் சங்கதி சுருக்கமானது. நாள் முழுக்கக் கணினி முன் உட்காருகிற வேலை. ஞாயிறு காலை வெயில் பட்டால் அன்றிரவு நன்றாகத் தூங்குகிறேன். ஜப்பானில் 1982இல் அரசாங்க வனத்துறையே ‘காட்டுக் குளியல்’ என்று ஒரு பழக்கத்துக்குப் பெயர் வைத்து மக்களைக் காட்டுக்கு அனுப்பியது. குளியல் என்றால் தண்ணீர் இல்லை. மரங்களுக்கு நடுவே அவசரமில்லாமல் இருப்பது.

அவசரம் வேண்டாம் என்றாலும் காலணி வேண்டும். நம் பெரியவர்கள் செருப்போடுதான் எங்கும் கிளம்புவார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் செருப்பு கூடவே கூடாது. விரல் மூடிய, கொஞ்சம் அகலமான காலணி, பருத்திக் காலுறை. அணியுமுன் காலணிக்குள் கையை விட்டுக் கல், எறும்பு ஏதும் உண்டா என்று தடவிப் பார்ப்பது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தை, விரலிடுக்கை, குதிகாலைப் பார்ப்பது. குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் அந்த வேலை மகனுடையது. கைப்பேசி விளக்கை அடித்துத் தாத்தாவின் பாதத்தை ஆராய்ந்து, “ஓகே தாத்தா” என்று முத்திரை குத்துவான். சித்தப்பாவுக்கு இப்படி ஒருவர் இருந்திருந்தால் என்று அப்பா ஒருமுறை சொன்னார். அதற்குமேல் சொல்லவில்லை.

குரங்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கட்டுரை முழுமையாகாது. இந்தப் பக்கத்தில் நீளவால் குரங்குகள் அதிகம். நம்மவர்களுக்குக் குரங்கைக் கண்டால் ஆஞ்சநேயர் நினைவு வந்துவிடும், கை தானாக வாழைப்பழத்தைத் தேடும். வேண்டாம். காட்டு விலங்குக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். முதல்முறை பிடிபட்டால் அபராதம் 5,000 வெள்ளி வரை போகலாம். ஒருவர் கொடுத்த பழம்தான் அடுத்து வருபவரின் பையைப் பிடுங்க வைக்கிறது. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாமல், கண்ணை உற்றுப் பார்க்காமல், பல் தெரியச் சிரிக்காமல் நிதானமாகக் கடந்து போனால் அவை தங்கள் வேலையைப் பார்க்கும். வானம் கறுத்தால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். உலகில் மின்னல் அதிகம் இறங்கும் இடங்களில் நம் தீவும் ஒன்று. காட்டுப் பகுதியில் விளக்கு கிடையாது, இருட்டுமுன் வெளியே வந்துவிடுவது நல்லது. கொசு மருந்தையும் மறக்க வேண்டாம்.

எல்லாருக்கும் ரயில் ரோடு பக்கத்தில் இருக்காது. தெற்கே இருப்பவர்களுக்குத் தெலுக் பிளாங்கா குன்றின் உயர்நடைபாதை உண்டு. சாய்வு மெல்லியது, சக்கர நாற்காலியும் போகும். ஆனால் கம்பி வலைத் தரை வழியாகக் கீழே தெரியும். உயரம் கண்டு பயப்படுபவர்களை இழுத்துப் போகாதீர்கள். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு வடதேசத்துப் பறவைகள் வருகின்றன. முதலையும் உண்டு, நடைபாதையை விட்டு இறங்காத வரை கவலையில்லை. மெக்ரிட்சியின் மரவுச்சித் தொங்குபாலத்தைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அழகுதான். ஆனால் போய்வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், படிகள் நிறைய. அப்பாவை அங்கே இன்னும் அழைத்துப் போகவில்லை, போகும் எண்ணமும் இப்போதைக்கு இல்லை.

தாத்தாவின் சாமி

மூன்றாவது நடையைக் காமன்வெல்த் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்றது அப்பா. அந்தப் பகுதிக்குத் தங்ளின் ஹால்ட் என்று பெயர். ரயில் நின்று போன இடம் என்பதால் வந்த பெயர். பேருந்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், யோசித்ததில்லை. அங்கிருந்து சில நிமிடத்தில் காமன்வெல்த் டிரைவ் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். 1930களில் ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்தின் ஓரத்தில் வைத்துக் கும்பிட்ட சாமி. பாதையில் நடப்பவனுக்குக் காவல் வேண்டும், காவலுக்கு முனீஸ்வரன். பிறகு இடம் மாறி, இன்று இவ்வளவு பெரிய கோயிலாக நிற்கிறது. இங்கே நான் கல்யாணத்துக்கு வந்திருக்கிறேன். வாகனம் நிறுத்த இடமில்லை என்று அலுத்துக்கொண்டும் இருக்கிறேன். தாத்தா வேலைக்குப் போகுமுன் இந்தச் சாமியைத்தான் கும்பிடுவார் என்பது எனக்குத் தெரியாது.

அப்பா காலணியைக் கழற்றினார். வெறுங்காலோடு கோயில் தரையில் நடப்பதைப் பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: “காலுறை போட்டுக்கிட்டேதான் போறேன். சாமி கோவிச்சுக்காது.” அர்ச்சகரும் எதுவும் சொல்லவில்லை.

சென்ற மாதம் மருந்தகத்தில் பார்த்தபோது மூன்று மாதச் சராசரி சர்க்கரை 8.6இலிருந்து 7.5க்கு இறங்கியிருந்தது. நடுவில் ஒரு மாத்திரையையும் மாற்றியிருந்தார்கள், அதனால் முழுப் பெருமையையும் நடைக்கே கொடுக்க முடியாது. அப்பா கொடுத்துவிட்டார். காப்பிக் கடையில் நண்பர்களிடம் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேர் அடுத்த முறை கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

சமையலறையில் தொங்கும் முருகன் படம் போட்ட நாட்காட்டியில் நடந்த ஞாயிறுகளை மகன் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறான். இருபத்துநான்கு கிலோமீட்டரில் இதுவரை பாதிகூட ஆகவில்லை. அடுத்த வாரம் ஹியூமிலிருந்து வடக்கே, கிராஞ்சி பக்கம். மழை வந்தால் ஒத்திவைப்போம் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா இப்போதே காலணியைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டார்.